இரண்டாம் சரணத்து விம்மல்

2024 ஜனவரி 8, திங்கள்

கிணற்று மோட்டர் நின்று மூன்று நாள். மெக்கானிக் யோகன் இன்றும் "நாளைக்குக் கட்டாயம் வாறன் ஐயா" என்றான். அவனுடைய நாளை எந்தக் கலண்டரில் இருக்கிறதோ தெரியவில்லை. எழுபத்தாறு வயதில் வாளியால் தண்ணீர் அள்ளுகிறேன்.

பதினொரு மணிக்குப் பதிவுத் தபால். மன்னாரிலிருந்து ஜசிந்தா அனுப்பியிருக்கிறாள். உப தபால் கந்தோர் ஒன்றில் அதிபர் அவள், அதனால் எதுவும் பதிவுத் தபாலில்தான் வரும். ஜெயசீலனின் ஒரே மகள். ‘அழிக்காதே’ பாட்டுப் பாடிய ஜெயசீலன் என்றால்தான் ஆட்களுக்கு இப்போது விளங்கும்.

“அன்புள்ள அங்கிள், அப்பாவின் பாட்டு ஊரெல்லாம் பரவி இந்த வருடம் ஐம்பது நிறைகிறது. பெப்ரவரி 11ஆம் திகதி மன்னாரில் விழா எடுக்கிறோம். ரொறன்ரோவில் ஒரு இசைக் கம்பனி அப்பாவின் மூலப் பதிவையும், பிறகு மற்றவர்கள் பாடிய எல்லாவற்றையும் சேர்த்து இசைத்தட்டாக வெளியிடுகிறது. மூலப் பதிவில் இருப்பது அப்பாவின் குரல்தான் என்று, பதிவு நடந்தபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். இப்போது நீங்கள் ஒருவர்தான் மிச்சம். கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போதும். 3ஆம் திகதி சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.”

கையெழுத்துத்தானே. போட்டுவிடலாம். பேனை கைக்கு அகப்படவில்லை, கடிதத்தை ரீவிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

"ஆரப்பா கடிதம் போட்டது?" என்று மனைவி பவளம் குசினிக்குள் சமைத்துக்கொண்டே கேட்டாள்.

"தபால் கந்தோர்" என்றேன். பொய் இல்லை.

ஜனவரி 9, செவ்வாய்

யோகன் வரவில்லை. கடிதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழுக்கள். பந்தம் கட்டிப் பொசுக்கினேன். அரைக் கை முழுக்கத் தடித்துப்போய்ச் சொறிகிறது. பவளம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டே என்னை ஏசினாள்.

ஜசிந்தா போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். அப்பாவின் பாட்டை யார் யார் பாடினார்கள், எந்த வருடம். அதில் நாலு பிழை. மூலப் பதிவின் கதையையாவது நான் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

1973 ஒக்டோபர், கொழும்பு. நான் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு உதவியாளன். ஜெயசீலன் ஒரு கந்தோரில் கிளார்க், மன்னார்க் கடற்கரையில் பேசாலைப் பெடியன், என் வயது. பாட்டை எழுதியதும் மெட்டுப் போட்டதும் அவன்தான். கடற்கரையில் அவளுடைய பெயரை எழுதிவிட்டு அலையிடம் கெஞ்சுகிறான், அவ்வளவுதான் விஷயம். ஒரு கிற்றார், ஒரு பொங்கோ. ‘கரையில் எழுதிய பேரிது, அலையே அழிக்காதே.’ நவம்பரில் இரண்டு தரம் ஒலிபரப்பானது. ஜனவரியில் அவன் ஊருக்குப் போன பஸ் பாலத்தில் மோதிக் கவிழ்ந்தது. அவன் தப்பவில்லை. மனைவி பிலோமினா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்குப் பிறகுதான் நேயர்களுக்குப் பாட்டு நினைவு வந்தது. தபாலட்டைகள் சாக்குச் சாக்காக வந்தன. பெப்ரவரி கடைசியிலிருந்து தினமும் போட்டோம்.

பிறகு ஆளாளுக்குப் பாடினார்கள். கவர் என்று இப்போது சொல்கிறார்கள். எழுபத்தாறில் பருத்தித்துறைக் கலியாணக் கோஷ்டி ஒன்று இரண்டு மடங்கு வேகத்தில் பாடியது, மாப்பிள்ளைக்கு றெயிலுக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ. எழுபத்தொன்பதில் கொழும்பில் ஒரு பெண் பாடினாள், நல்ல குரல். கோலாலம்பூரில் ஓர்கனோடு ஒன்று. சிங்களத்தில் ஒன்று, அது நம்மவர்களுடையதை விடத் திறம். சென்னையில் கல்லூரிப் பையன்கள் ‘அலையே அளிக்காதே’ என்று பாடி வைத்தார்கள். எதை அளிக்க வேண்டாம் என்றார்களோ! நாங்களும் வீட்டில் ழகரத்தைக் கொல்கிறவர்கள்தான், ஆனால் மைக்குக்கு முன்னால் நின்று கொல்லக்கூடாது. ரொறன்ரோப் பெடியன் ஒருத்தன் நடுவில் ஆங்கிலத்தில் எதையோ பேசுகிறான். போகட்டும்.

ஒரு விஷயம் எல்லாரிடமும் உண்டு. இரண்டாம் சரணத்தின் முடிவில் ‘அலையே’க்கும் ‘அழிக்காதே’க்கும் நடுவில் குரல் அரைத் தாளம் அடைத்து ஒரு விம்மல் வரும். மூலப் பதிவில் அப்படி இருக்கிறது. எல்லாரும் அதை அப்படியே எடுத்திருக்கிறார்கள், கலியாணக் கோஷ்டி கூட. ஒரு விமர்சகர் அந்த அரைத் தாளத்தைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினார். நல்ல கட்டுரை. எங்கேயோ வெட்டி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 15, பொங்கல்

காலையில் சந்தி ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு. பொங்கல் பொங்குகிற நேரத்தில் பவளம் "இஞ்சருங்கோ, அரிசியைப் போடுங்கோ" என்கிறாள், நான் கையில் அரிசியோடு இரண்டாம் சரணம் முடியும்வரை நின்றேன். பால் வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. தை பிறந்த அன்றே இவ்வளவு ஏச்சு.

ஜனவரி 17, புதன்

ஜசிந்தா போன் அடித்தாள். எடுக்காமல் விட்டேன். மூன்றாம் தரம் பவளம் எடுத்து என் காதில் வைத்துவிட்டாள்.

"அங்கிள், கையெழுத்து வைச்சிட்டியளோ?"

"பேனை தேடிக்கொண்டிருக்கிறன் பிள்ளை."

சிரித்தாள். பிறகு தானாகவே சொன்னாள். "அந்த விம்மல் இருக்கெல்லோ அங்கிள், அது அப்பாவுக்குத் தெரிஞ்சு வந்தது. தான் இருக்கமாட்டன் எண்டு உள்ளுக்குள்ளை தெரிஞ்சிருக்கு. எனக்கு அப்பான்ரை படம் மூண்டு இருக்கு. ஒண்டிலை முகம் வடிவாத் தெரியாது. குரல் எண்டால் உது ஒண்டுதான். சின்னனிலை பள்ளிக்கூடத்திலை அடி வாங்கிக்கொண்டு வந்தால், றேடியோவிலை அப்பா எப்ப வருவார் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். போன மார்ச்சிலை அம்மான்ரை பெட்டியை மூடேக்கையும் இந்தப் பாட்டைத்தான் போட்டனான்."

"அம்மாவுக்கோ?" என்றேன்.

"ஓம். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் எண்டு."

நான் போனை வைத்துவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாள். மத்தியானத்துப் பிரஷர் குளிசையைக் காலையிலேயே விழுங்கிவிட்டேன் போலிருக்கிறது, தலை சுற்றுகிறது.

பிலோமினாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில். கடவுளே.

ஜனவரி 20, சனி

யோகன் வந்தான். மோட்டரில் கோளாறு இல்லையாம், வயரை எலி கடித்திருக்கிறதாம். பதினைந்து நாள் வாளி.

சரி, எழுதிவிடுகிறேன். இதைப் படிக்க யாரும் இல்லை.

எழுபத்துமூன்றில் வெளிநாட்டிலிருந்து ஒலிநாடா வருவது நின்றுபோயிருந்தது. இருந்ததை அழித்து அழித்துத்தான் பதிந்தோம். வேண்டாத நாடாப் பெட்டியின் முதுகில் ‘அழி’ என்று எழுதி மேசையில் அடுக்குவார்கள், நான் ஒவ்வொன்றாக மெஷினில் போட்டு வெறுமையாக்குவேன். நாடா நூலகர் கனகசபை பாட்டுப் பெயர்களையும் அந்த முதுகில்தான் எழுதுவார். முதுகு இரண்டு விரல் அகலம். மனிதருக்கோ கொட்டை எழுத்து. ‘அழி’ முதுகில், ‘க்காதே’ பெட்டியின் பின்பக்கத்தில்.

டிசம்பரில் ஒருநாள் அந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தது. முதுகில் ‘அழி’ என்று இருந்தது. அழித்தேன். அதற்கு மேல் முருக்கம்பூச் சந்திச் சிவன்கோவில் திருவெம்பாவையைப் பதிந்தேன்.

பெப்ரவரியில் தபாலட்டைகள் வந்தபோது நாடாவைத் தேடினார்கள். அதற்குள் ஜெயசீலன் மண்ணுக்குள். கிற்றார்காரனும் பொங்கோக்காரனும் வந்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன். கிற்றார்காரன் என் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பினான். பிறகு "அவன்ரை மனிசி அங்கை றேடியோவுக்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்குது, என்ன செய்யப்போறாய்?" என்றான். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூடத்தைப் பூட்டிக்கொண்டோம். நாற்பது நிமிடம். மற்ற இருவரும் சாகும்வரை வாய் திறக்கவில்லை.

அந்த விம்மலா? இரண்டாம் சரணத்தில் கண்ணாடிக்கு வெளியே நடைபாதையில் மேலதிகாரியின் வெள்ளைக் கால்சட்டை தெரிந்தது. பயத்தில் தொண்டை அடைத்தது. வேறொன்றும் இல்லை. திருப்பிப் பதிய நேரம் இருக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

நேற்று எழுதியதைக் கிழித்துவிட நினைத்தேன். கிழிக்கவில்லை. நூலகருக்கு எழுதத் தெரியாதது என்னுடைய பிழையா?

ஜனவரி 24, புதன்

பவளம் கடிதத்தை வாசித்துவிட்டாள். ரீவிக்குத் தூசு தட்டினாளாம்.

பயத்தங்காயும் கையுமாக எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு காயாக முறித்துக்கொண்டே கேட்டாள். "உதிலை என்னெண்டு கையெழுத்து வைக்கப்போறியள்?"

"பேனையாலைதான்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ. அது உங்கடை குரலெல்லோ."

நான் ஒரு காயை எடுத்து முறித்தேன்.

"கலியாணம் கட்டி மூண்டாம் நாள் நீங்கள் கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு பாடினியள். அப்பவே தெரியும். நான் என்ன செவிடியே?"

"நாப்பத்தேழு வருசம் ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தனான்." அடுத்த காயை எடுத்தாள். "பாட்டுப் போகேக்கை உங்கடை முகத்தைக் கண்ணாடியிலை பாத்திருக்கிறியளோ? ஒரு நாளும் கவலைப்பட்ட முகமா எனக்குத் தெரியேல்லை."

சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் பயத்தங்காய்க்கு உப்பில்லை. நான் கேட்கவில்லை.

ஜனவரி 25, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஜனவரி 27, சனி

அவள் சொன்னது சரி. சனியனே, சரிதான்.

நிலையத்தில் பாடகனாகச் சேர இரண்டு தரம் குரல் தேர்வுக்குப் போனேன், எழுபதில் ஒன்று, எழுபத்திரண்டில் ஒன்று. இரண்டு தரமும் ஒரே பதில், சுருதி சுத்தம், உயிர் இல்லை. எழுபத்திரண்டில் என்னோடு தேர்வுக்கு வந்த ஜெயசீலனை எடுத்தார்கள். அவனுக்குச் சுருதி கூட ஒழுங்காக நிற்காது. கூடத்தில் நான் மைக்கைச் சரிசெய்து கொடுக்க, அவன் நின்று பாடினான். பிலோமினா வெளியே நீள மர வாங்கிலில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பச்சைச் சேலை. கூடத்துக் கண்ணாடிக்கு ஊடாக எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெட்டியை நான் திருப்பிப் பார்த்திருக்கலாம். இவ்வளவு நாளும் திருப்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை என்றே நினைத்து வந்திருக்கிறேன். மற்ற எல்லாப் பெட்டிகளையும் திருப்பிப் பார்க்கிறவன்தான் நான்.

வேண்டுமென்று செய்தேனா? தெரியாது. உண்மையாகவே தெரியாது. ஆனால் உயிர் இல்லை என்று சொன்ன அதே நிலையத்தில், உயிரை உருக்கும் குரல் என்று என் குரலை அறிவிப்பார்கள். சனங்கள் அழுவார்கள். ஐம்பது வருடம் ஒவ்வொரு தரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் பெயரில் என்றாலும் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

கையெழுத்து வைத்துவிட்டேன். ‘இப்பதிவில் ஒலிப்பது அமரர் ஜெயசீலனின் குரலே என உறுதிப்படுத்துகிறேன்.’ திகதி போட்டு, கவரில் வைத்து, ஒட்டியும் ஆயிற்று.

அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு குரல். அதைப் பிடுங்க நான் யார்? உண்மை சொன்னால் எனக்குத்தான் நிம்மதி, அவளுக்கு என்ன கிடைக்கும்? இது நல்ல காரணம். மூன்று நாளாக யோசித்துக் கண்டுபிடித்த காரணம்.

பவளத்திடம் சொன்னேன். "சரி" என்றாள். அவள் ‘சரி’ என்றால் சரி என்று அர்த்தம் இல்லை.

பெப்ரவரி 2, வெள்ளி

நாளைக்கு வருகிறாள். வீடு கூட்டினேன். சேவ் எடுக்கும்போது இரண்டு இடத்தில் வெட்டு.

பெப்ரவரி 3, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்கு வந்தாள். தாயின் நெற்றி, தாயின் நிற்கிற விதம். பனங்கிழங்கு ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தாள். பவளம் தேத்தண்ணி கொடுத்தாள். நான் கவரை நீட்டினேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"அங்கிள், ஒருக்கால் உங்களோடை இருந்து கேக்கவேணும். அப்பாவோடை அந்த அறைக்குள்ளை நிண்ட ஆளோடை" என்று போனை மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டாள்.

முதல் சரணம் போனது. நான் யன்னலைப் பார்த்தேன். பவளம் குசினி வாசலில் வந்து நின்றாள். இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் ஜசிந்தா எட்டி என் கையைப் பிடித்தாள். "இதிலைதான் அங்கிள், அப்பா எனக்காக அழுறார்" என்றாள்.

"அது கொப்பர் இல்லைப் பிள்ளை, உன்ரை அப்பா இல்லை" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. விளங்காமல் பார்த்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். நாடாப் பெட்டி, சாப்பாட்டு இடைவேளை, வெள்ளைக் கால்சட்டை, எல்லாம். திருப்பிப் பார்க்காததையும் சொன்னேன். பிடித்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். போனை நிறுத்தவில்லை, பாட்டு தானாக முடிந்தது.

ஏசுவாள் என்று பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். தபால் கவுண்டரில் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப அப்பா எப்பிடிப் பாடினவர்?"

"ஆ?"

"நீங்கள் கேட்டனீங்கள்தானே? உயிரோடை இருக்கிற ஆக்களிலை நீங்கள் மட்டும்தானே கேட்டிருக்கிறியள்? பாடிக் காட்டுங்கோ. எப்பிடிப் பாடினவர்?"

நான் கண்ணை மூடினேன். கூடம் ஞாபகம் வந்தது. அவனுடைய கோடு போட்ட சேட்டு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். கிழட்டுக் குரலில் வந்தது என்னுடைய பாட்டு. இரண்டாம் தரம் முயன்றேன். அந்த விம்மல் உட்பட என்னுடையதுதான் வந்தது. ஐம்பது வருடம் என்னையே கேட்டுக் கேட்டு, அவனை எனக்குள்ளும் இல்லாமல் செய்திருக்கிறேன். நான் அழுதேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து பவளம் நான் அழுது பார்த்ததில்லை.

"ஒண்டுமே ஞாபகம் இல்லையோ?" என்று ஜசிந்தா கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள். "ஒரு சொல்லாவது?"

அப்போதுதான் வந்தது. "சண்டை பிடிச்சவன்" என்றேன். "நிகழ்ச்சி அதிகாரி மூண்டு தரம் பதிவை நிப்பாட்டினவர். கொப்பர் ‘அழிக்காதை’ எண்டுதான் பாடினவன். ‘தே’ எண்டு பாடச் சொல்ல, சிரிச்சுக்கொண்டு, ‘சேர், அது எங்கடை பேசாலை அலை. அதுக்குத் ‘தே’ எண்டால் விளங்காது’ எண்டான். கடைசிவரைக்கும் ‘தை’தான். நான் பாடேக்கை அதிகாரி விரும்பினபடி திருத்திப்போட்டன்."

ஜசிந்தா நாற்காலியை விட்டு எழுந்தாள். "என்ன சொன்னனீங்கள்? தையோ?"

"ஓம். அழிக்காதை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுக்காமலே பேசினாள். "அம்மா அப்பிடித்தான் பாடுவா. அரிசி கழுவேக்கை, என்ரை தலையைச் சீப்பாலை இழுக்கேக்கை. நான் விடமாட்டன். ‘அம்மா, தை இல்லை, தே. அப்பா எப்பிடிப் பாடுறார் எண்டு றேடியோவைக் கேளுங்கோ’ எண்டு கத்துவன். அவ வாயை மூடிடுவா. பேந்து நான் இல்லாத நேரம் பாடுவா. ஆஸ்பத்திரியிலை கடைசிக் கிழமையும் பாடினவ. அப்பவும் திருத்தினனான்."

பவளம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும்" என்றாள். "அது அப்பா இல்லையெண்டு. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

பவளம்தான் சொன்னாள். "நீ அந்தக் குரலைக் கேட்டு அப்பா எண்டு சிரிச்சிருப்பாய் பிள்ளை. எந்தத் தாய் அதை நிப்பாட்டுவாள்?"

ஜசிந்தா சுவரைப் பார்த்தபடி மெதுவாகப் பாடினாள். தாய் பாடியதைப் போலத்தான் பாடியிருப்பாள். ‘கரையில் எழுதிய பேரிது, அலையே அழிக்காதை.’ விம்மல் இல்லை. இழுவை இல்லை. சுருதி கொஞ்சம் விலகி, சொல்லின் முடிவில் ஒரு சிரிப்பு. ஜெயசீலன். ஐயோ, அவனேதான். உயிர் என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றைக்கு விளங்கியது.

கைப்பையைத் திறந்து கவரை எடுத்து மேசையில் வைத்தாள். கிழிக்கவில்லை, கோபமாகவும் வைக்கவில்லை. பவளத்தைக் கட்டிப்பிடித்து விடைபெற்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவாசல் படலைவரை போனவள் திரும்பி நின்றாள்.

"பதினோராம் திகதி நான் பாடப்போறன் அங்கிள். அம்மா பாடின மாதிரி. நீங்கள் வரவேண்டாம்."

"சரி பிள்ளை" என்றேன்.